ஊசி முனையில் ஒரு கண்டுபிடிப்பு

இரவில் விளக்கணைத்துப் படுத்தபின் விரலிடுக்குகளில் நமைச்சல் தொடங்குகிறது. சொறிந்தால் சற்றுச் சுகம். அடுத்த நொடியில் எரிச்சல். மணிக்கட்டு, அக்குள், தொப்புளைச் சுற்றிய பகுதி, இடுப்பு என்று சிறு சிறு சிவந்த தடிப்புகள் பரவுகின்றன. காலையில் வீட்டார் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். "உடம்பில் சூடு ஏறிவிட்டது" என்பார் ஒருவர். "கத்திரிக்காயும் கருவாடும் தின்றால் வேறென்ன ஆகும்?" என்பார் மற்றொருவர். "இரத்தம் கெட்டுவிட்டது" என்று மூன்றாமவர் முடிவுரை கூறிவிடுவார்.

வாசகர்களே! இந்த மூன்று பேரையும் கண்டு சிரிக்க வேண்டாம். ஐரோப்பாவின் பெரும் மருத்துவ மேதைகள் ஏறத்தாழ ஆயிரத்தைந்நூறு ஆண்டுகள் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் சொன்னது தவறு என்பது வெறும் ஊசி ஒன்றினாலும், எளிய லென்சு ஒன்றினாலும் நிறுவப்பட்டது. அந்தக் கதையைத்தான் இங்கே காணப்போகிறோம். இயற்பியல் ஆசிரியனுக்குத் தோல் நோயில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். என் மாணவர்களுக்கு லென்சைப் பற்றிப் பாடம் நடத்தும்போதெல்லாம் இந்தக் கதையைச் சொல்வது என் வழக்கம். ஏன் என்பது இறுதியில் விளங்கும்.

நான்கு நீர்களும் ஒரு நமைச்சலும்

உடலில் இரத்தம், சளி, மஞ்சள் பித்தம், கரும் பித்தம் என நான்கு நீர்கள் உள்ளன; அவை சமநிலையில் இருந்தால் நலம், குலைந்தால் நோய் என்பது பண்டைய கிரேக்கர் கொள்கை. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கேலன் என்ற மருத்துவர் இதனை விரிவாக வகுத்துரைத்தார். இக்கொள்கையின்படி சிரங்கு என்பது தோலின் நோயே அன்று. உள்ளே கெட்டுப்போன நீர் வெளியேற வழி தேடித் தோலில் வெடிக்கிறது, அவ்வளவுதான். எனவே மருத்துவம் என்ன? பேதிக்குக் கொடுப்பது, இரத்தத்தை வெளியேற்றுவது, பத்தியம் விதிப்பது. தோலின் மேல் மருந்து தடவிச் சிரங்கை அடக்கினால் கெட்ட நீர் உள்ளே திரும்பி வேறு பெரு நோயை உண்டாக்கும் என்ற அச்சமும் இருந்தது.

இதற்கு மாறாகச் சொன்னவர்கள் இல்லாமல் இல்லை. 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அத்-தபரி என்ற மருத்துவரும், 12ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் வாழ்ந்த இப்னு சுஹ்ர் என்ற அரபு மருத்துவரும் சிரங்கு வந்த தோலில் மிகச் சிறிய உயிர் ஒன்று இருப்பதை எழுதி வைத்தார்கள். ஆனால் அந்த உயிர்தான் நோய்க்குக் காரணம் என்று உறுதியாக நிறுவும் முயற்சி எதுவும் தொடரவில்லை. அவர்கள் எழுத்துக்கள் ஏடுகளிலேயே தங்கிவிட்டன.

லிவோர்னோ துறைமுகத்தில்

இப்போது 1687ஆம் ஆண்டுக்கு வருவோம். இடம், இத்தாலியின் மேற்குக் கரையில் உள்ள லிவோர்னோ துறைமுகம். அங்கே இருவர் இருந்தனர். ஒருவர் ஜொவான்னி கோசிமோ பொனோமோ என்ற இளம் மருத்துவர். மற்றவர் ஜியாச்சிந்தோ செஸ்தோனி என்ற மருந்து வணிகர். பட்டம் ஏதும் பெறாதவர், ஆனால் பூச்சிகளை உற்று நோக்குவதில் தணியாத ஆர்வமுடையவர்.

சிரங்கு கண்ட தம் பிள்ளைகளின் தோலிலிருந்து ஏழைப் பெண்கள் ஊசி முனையால் எதையோ குத்தி எடுத்து நசுக்குவதை அவர்கள் கேள்வியுற்றனர். துறைமுகத்தில் அடைக்கப்பட்டிருந்த அடிமைகளும் ஒருவருக்கொருவர் இதையே செய்துகொண்டனர். கற்ற மருத்துவர்கள் எவரும் இதைப் பொருட்படுத்தியதில்லை. பாமரர் வழக்கம் என்று ஒதுக்கிவிட்டார்கள். பொனோமோவும் செஸ்தோனியும் ஒதுக்கவில்லை. சிரங்கு பிடித்த ஒருவரை அழைத்து, "எந்த இடத்தில் அரிப்பு மிகுதி?" என்று கேட்டு, அந்த இடத்தில் ஊசியால் மெல்லக் கிளறிப் பார்த்தனர். வெண்மையான மிகச் சிறு உருண்டை ஒன்று வெளிவந்தது. அதை நுண்பெருக்கியின் கீழ் வைத்தபோது அந்த உருண்டை கால்களை அசைத்து ஓடத் தொடங்கியது!

ஆமையைப் போன்ற உடல், நீண்ட மெல்லிய மயிர்கள், விரைவான நடை. ஒரு நாள் அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் உடலிலிருந்து முட்டை ஒன்று வெளிவந்தது. இதனால் அந்த உயிர் கெட்ட நீரிலிருந்து தானாகத் தோன்றுவதன்று, முட்டையிட்டுப் பெருகுவது என்பது தெளிவாயிற்று. அப்படியானால் நோயும் ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவுவதாகத்தான் இருக்க வேண்டும். பேதி மருந்தும் இரத்தம் எடுப்பதும் பயன் தராமல் போனதற்கும், கந்தகம் கலந்த களிம்பு பயன் தந்ததற்கும் காரணம் விளங்கிவிட்டது. உள்ளே செல்லும் மருந்து உண்ணியைத் தொடவில்லை. மேலே தடவிய மருந்து அதைக் கொன்றது.

இவற்றையெல்லாம் பொனோமோ ஒரு கடிதமாக எழுதினார். அழுகும் இறைச்சியில் புழுக்கள் தாமாகத் தோன்றுவதில்லை என்று நிறுவிய புகழ்பெற்ற பிரான்செஸ்கோ ரெடிக்கு எழுதிய கடிதம் அது. 1687இல் பிளாரன்ஸ் நகரில் அச்சாயிற்று. ஒரு குறிப்பிட்ட நோய்க்கு ஒரு குறிப்பிட்ட நுண்ணிய உயிரே காரணம் என்று கண்கூடாகக் காட்டிய முதற் சான்றுகளுள் இது ஒன்று. பாஸ்டரும் காக்கும் பிறப்பதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக முன்பே இது நிகழ்ந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஆனால் போப்பாண்டவரின் மருத்துவராக இருந்த லான்சீசி இதனை ஏற்கவில்லை. உண்ணி இருக்கலாம், ஆனால் சிரங்குக்கு மூல காரணம் கெட்ட நீரே என்றார். அதிகாரம் ஒரு பக்கம், ஊசி ஒரு பக்கம். பொனோமோவின் கடிதத்தை 1703இல் ரிச்சர்டு மீடு ஆங்கிலத்தில் வெளியிட்டார். ஆயினும் மருத்துவ உலகம் மெல்ல அதை மறந்தது.

கண்ணுக்குத் தெரியாத உயிரா?

இங்கே ஒரு சிறு கணக்குப் போடுவோம். நலமான மனிதக் கண், ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு கோணத்தில் அமைந்த இரு புள்ளிகளைத் தனித்தனியே பிரித்தறியும். 25 செ.மீ. தொலைவில் இக்கோணம் சுமார் 0.07 மி.மீ. நீளத்திற்குச் சமம். சிரங்கு உண்ணியின் பெண் எவ்வளவு நீளம்? ஏறத்தாழ 0.4 மி.மீ. அதாவது நம் கண்ணின் எல்லையைப் போல் ஐந்து மடங்கு பெரியது! எனவே ஊசி முனையில் எடுத்துவிட்டால் வெறும் கண்ணுக்கே அது வெண்புள்ளியாகத் தெரியும். லிவோர்னோ பெண்களுக்கு நுண்பெருக்கி தேவைப்படாததன் இரகசியம் இதுதான்.

அப்படியானால் மருத்துவர்கள் ஏன் காணவில்லை? அது மறைந்திருக்கும் இடத்தை அவர்கள் அறியவில்லை. பெண் உண்ணி தோலின் மேலடுக்கில் சுரங்கம் தோண்டிக்கொண்டே செல்கிறது. நாளொன்றுக்கு 2 அல்லது 3 முட்டைகள் இடுகிறது. சுரங்கம் சில மில்லிமீட்டர் நீளமுள்ள வளைந்த கோடாக, பென்சிலால் இழுத்தாற்போல் தெரியும். உண்ணி அந்தக் கோட்டின் கடைக்கோடியில் இருக்கும். நம் கண்ணைக் கவர்வனவோ நீர் கோத்த கொப்புளங்களும் சிவந்த தடிப்புகளுமே. அங்கே தேடினால் அது அகப்படாது.

பாரிசில் ஒரு வேடிக்கை

இதை அறியாததால் நேர்ந்த வேடிக்கை ஒன்றைக் கேளுங்கள். நெப்போலியன் காலத்துப் போர்களில் படைவீரர்களிடையே சிரங்கு பெருவாரியாகப் பரவியது. பாரிசில் உள்ள செயிண்ட் லூயி மருத்துவமனை தோல் நோய்களுக்குப் பேர்பெற்றது. அங்கே பணியாற்றிய காலே என்பவர், தாம் சிரங்கு உண்ணியைக் கண்டுவிட்டதாக 1812இல் ஆய்வேடு வெளியிட்டார். அழகான படங்களும் இருந்தன. பாராட்டுகள் குவிந்தன. ஆனால் மற்றவர்கள் எவ்வளவு தேடியும் கொப்புள நீரில் அந்த உண்ணி அகப்படவில்லை. பின்னர் ராஸ்பாய் என்ற அறிவியலார் படங்களை ஆராய்ந்து, காலே வரைவித்தது சிரங்கு உண்ணி அன்று, பாலாடைக்கட்டியில் வளரும் உண்ணி என்று காட்டினார்!

விளைவு என்ன தெரியுமா? 'சிரங்கு உண்ணி என்று ஒன்று இல்லவே இல்லை' என்று பலர் முடிவு கட்டிவிட்டனர். அதே மருத்துவமனையைச் சேர்ந்த லுகோல், உண்ணியைக் காட்டுவோருக்கு 300 பிராங்கு பரிசு தருவதாக அறிவித்தார். வேதியியல் ஆய்வகத்தில் நீங்கள் கையாளும் லுகோல் அயோடின் கரைசல் இவர் பெயரால் வழங்குவதே.

1834 ஆகஸ்டு 13 அன்று கோர்சிகா தீவிலிருந்து வந்த ரெனூச்சி என்ற மருத்துவ மாணவர் எல்லோர் முன்னிலையிலும் ஓர் ஊசியை எடுத்தார். கொப்புளத்தை விட்டுச் சற்றுத் தள்ளிச் சுரங்கத்தின் முனையில் மெல்லக் குத்தினார். உண்ணி ஊசியில் ஒட்டிக்கொண்டு வந்தது. இந்த வித்தையை அவர் எங்கே கற்றார்? தம் ஊரில் ஏழைப் பெண்கள் செய்வதைப் பார்த்துத்தான்! பொனோமோவுக்கு வழி காட்டிய அதே கைப்பழக்கம் 147 ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் வழி காட்டியது. அதன்பின் எவரும் ஐயுறவில்லை.

போர்வை குற்றவாளியா?

உண்ணி அகப்பட்டது, பரவும் வழி என்ன? இரண்டாம் உலகப்போரின்போது பிரிட்டனில் சிரங்கு மிகுந்தது. படைவீரர்களின் போர்வைகளே நோயைப் பரப்புகின்றன என்று எண்ணி, அவற்றை வெப்பமூட்டித் தூய்மை செய்யப் பெருஞ்செலவு செய்தனர். கென்னத் மெலன்பி என்ற பூச்சியியல் அறிஞர் 1941இல் ஷெஃபீல்டு நகரில் இதைச் சோதிக்க முன்வந்தார். ஆயுதம் ஏந்த மறுத்த இளைஞர்கள் சிலர் தம் உடலையே சோதனைக்கு அளித்தார்கள். சிரங்கு கண்ட வீரர்கள் அப்போதுதான் விட்டெழுந்த போர்வைகளுக்குள் வெற்றுடம்போடு உறங்கினார்கள். நோய் தொற்றியது மிகச் சிலருக்கே. நோயாளியோடு ஒரே படுக்கையில் படுத்தபோதுதான் எளிதில் தொற்றியது. ஆக, தோலோடு தோல் நெடுநேரம் படுவதே தலையாய வழி என்பது புலனாயிற்று.

இன்னும் இரு உண்மைகள் வெளிப்பட்டன. ஒரு சராசரி நோயாளியின் உடலில் இருக்கும் வளர்ந்த பெண் உண்ணிகள் எத்தனை? ஆயிரமோ பத்தாயிரமோ அன்று, சுமார் பதினொன்றுதான்! பதினோர் உண்ணிகள் உடல் முழுதும் எப்படி நமைச்சல் தரும்? உண்ணியின் கடியால் மட்டும் அரிப்பதில்லை. அதன் உடற்பொருள்களையும் கழிவையும் நம் உடல் பகையென்று கண்டு கிளர்ந்தெழுவதால் வருவதே அரிப்பும் தடிப்பும். அதனால்தான் முதன்முறை தொற்றும்போது ஏறத்தாழ ஒரு மாதம் வரை அரிப்பே இருக்காது. இரண்டாம் முறை தொற்றினால் ஒரே நாளில் அரிக்கும். இந்த ஒரு மாத அமைதிதான் ஆபத்து. தனக்கு நோய் இருப்பதை அறியாமலேயே ஒருவர் வீட்டாருக்கெல்லாம் கொடுத்துவிடுகிறார்.

விடுதி அறையில் நான் கற்றது

இதன் பொருளை நான் நூலில் கற்கவில்லை. முதுகலை படித்தபோது விடுதி அறையொன்றில் நாங்கள் நால்வர். எனக்கு அரிப்பு வந்தது. வெட்கத்தால் யாரிடமும் சொல்லாமல் ஒரு மருந்துக் கடையில் கேட்டு, கொடுத்த களிம்பைத் தடவினேன். மூன்றே நாளில் அரிப்பு அடங்கியது. மகிழ்ந்தேன். ஆனால் இரண்டு வாரத்தில் முன்னிலும் பன்மடங்காகப் பரவிவிட்டது. அரசு மருத்துவமனையில் தோல் மருத்துவர் ஒருவர் என் விரலிடுக்கை லென்சால் பார்த்தார். அவர் கேட்ட முதல் கேள்வி, "அறையில் எத்தனை பேர் தம்பி?" என்பதுதான். நான் தடவிய களிம்பில் ஸ்டீராய்டு கலந்திருந்தது. அது அரிப்பை அடக்கும், உண்ணியைக் கொல்லாது. காவலாளியை உறங்க வைத்துவிட்டுத் திருடனை வீட்டில் விட்டாற்போல ஆயிற்று.

அவர் சொன்னபடி நால்வரும் ஒரே இரவில் மருந்து தடவ வேண்டும். இருவரிடம் சொன்னேன். நான்காமவரிடம் சொல்ல நாணம். அவருக்குத்தான் அரிப்பே இல்லையே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆறு வாரங்கழித்து மூவருக்கும் மீண்டும் வந்தது. அதற்குள் அந்த நண்பர் விடுமுறைக்கு ஊர் சென்று, அவர் வீட்டில் பிறந்து சில மாதமேயான தங்கை குழந்தைக்கும் கொடுத்திருந்தார். அந்தப் பிஞ்சு உடம்பு பட்ட பாட்டை அவர் சொன்னபோது நான் தலை குனிந்தேன். என் நாணத்தின் விலையை ஒரு குழந்தை கொடுத்தது.

இன்றைய மருத்துவம்

இன்று மருத்துவர்கள் பெரிதும் பரிந்துரைப்பது 5 விழுக்காடு பெர்மெத்ரின் களிம்பு. பெரியவர்கள் கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, விரலிடுக்கும் நகத்தின் அடியும் விடாமல் இரவில் தடவி, 8 முதல் 14 மணி நேரம் கழித்துக் குளிக்க வேண்டும். அரிக்கும் இடத்தில் மட்டும் தடவுவது வீண். முட்டையிலிருந்து பின்னர் பொரிப்பவற்றை ஒழிக்க ஒரு வாரங்கழித்து மீண்டும் தடவ வேண்டும். அரிப்பு உள்ளவரும் இல்லாதவருமாக வீட்டில் உள்ள அனைவரும் ஒரே நாளில் செய்துகொள்ள வேண்டும். துணிகளையும் விரிப்புகளையும் வெந்நீரில் துவைக்கலாம். துவைக்க இயலாதவற்றைப் பையில் கட்டி ஒரு வாரம் ஒதுக்கி வைக்கலாம். மனித உடலை விட்டு நீங்கிய உண்ணி இரண்டு மூன்று நாட்களுக்கு மேல் பிழைப்பது அரிது. உண்ணி ஒழிந்த பின்னும் இரண்டு முதல் நான்கு வாரம் அரிப்பு நீடிக்கலாம். அதைக் கண்டு அஞ்சி மருந்தைத் திரும்பத் திரும்பத் தடவக் கூடாது.

ஜப்பானில் மண்ணிலிருந்து சதோஷி ஓமுரா பிரித்தெடுத்த நுண்ணுயிர் ஒன்றின் வழியே பிறந்த ஐவர்மெக்டின் மாத்திரையும் இதற்குப் பயன்படுகிறது. அவருக்கும் வில்லியம் கேம்பலுக்கும் 2015இல் நோபல் பரிசு கிடைத்தது. அதே ஆண்டு வெளியான ஃபிஜித் தீவு ஆய்வில், ஊரார் அனைவருக்கும் இம்மருந்தை அளித்தபோது சிரங்கு 32 விழுக்காட்டிலிருந்து ஓராண்டில் ஏறத்தாழ 2 விழுக்காடாகக் குறைந்தது. ஆனால் கருவுற்றோரும் சிறு குழந்தைகளும் இதனை உண்ணலாகாது. மருத்துவர் சொல்லாமல் எவருமே உண்ணலாகாது. உலகில் எந்நேரமும் 20 கோடிப் பேருக்குச் சிரங்கு இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. சொறிந்த புண்ணில் பாக்டீரியா புகுந்தால் சிறுநீரகம் வரை பாதிக்கப்படலாம். எனவே 2017இல் உலக நலவாழ்வு நிறுவனம் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் இதனையும் சேர்த்தது.

எல்லாத் தடிப்பும் சிரங்கன்று

இதைப் படித்துவிட்டு எல்லா அரிப்புக்கும் சிரங்கு மருந்தைத் தேடி ஓட வேண்டாம். வட்டமாகப் பரவி ஓரம் மட்டும் சிவந்திருந்தால் அது பூஞ்சையால் வரும் படர்தாமரையாக இருக்கலாம். இதற்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு பகையே. அத்தகைய களிம்புகளைக் கண்டபடி தடவும் பழக்கத்தோடு, மருந்துக்கு எளிதில் அடங்காத படர்தாமரையும் நம் நாட்டில் பெருகிவருகிறது. பல ஸ்டீராய்டுக் களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாது என 2018இல் இந்திய அரசு விதித்தது இதனால்தான். கைக்கடிகாரத்தின் உலோகம், தலைச்சாயம் போன்றவை பட்ட இடத்தில் மட்டும் வருவது ஒவ்வாமை. பொருளை விலக்குவதே முதல் மருந்து. திடீரெனத் திட்டுத்திட்டாகத் தடித்து ஒரு நாளுக்குள் மறைவது காணாக்கடி. தடிப்போடு காய்ச்சல், வாயில் புண், முகவீக்கம், மூச்சுத் திணறல் ஆகியவற்றுள் எது வந்தாலும் ஒரு மணி நேரமும் தாமதியாது மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

இன்றைய தோல் மருத்துவர் கையில் ஒளி பொருத்திய உருப்பெருக்கி ஒன்று இருக்கும். தோலின் மேற்பரப்பு தன்மேல் விழும் ஒளியில் 4, 5 விழுக்காட்டைப் பளபளப்பாகத் திருப்பி அனுப்பிவிடுகிறது. தளவிளைவுற்ற ஒளியைப் பாய்ச்சி, அதற்குச் செங்குத்தான வடிகட்டியின் வழியே பார்த்தால் இப்பளபளப்பு மறைந்து, உள்ளிருந்து வரும் ஒளி மட்டும் கண்ணுக்கு எட்டும். அப்போது சுரங்கத்தின் முனையில் கரிய சிறு முக்கோணமாக உண்ணியின் தலைப்பகுதி தெரியும். ஊசி தேவையில்லை, குத்தவும் வேண்டாம்.

ஆயினும் அவர் கருவியை வைக்கும் இடம் அதே சுரங்கத்தின் முனைதான். காலேயிடம் நுண்பெருக்கி இருந்தது. கோர்சிகாப் பெண்களிடம் ஊசி மட்டுமே இருந்தது. கண்டவர்கள் யார் என்பது உங்களுக்குத் தெரியும். கருவி நம் கண்ணைப் பெரிதாக்கும். எங்கே நோக்க வேண்டும் என்பதை அது சொல்லாது. அதை அன்றாடம் அந்தத் துன்பத்தோடு வாழ்கிறவர்களிடம்தான் கேட்டறிய வேண்டும். என் மாணவர்களுக்கு லென்சுப் பாடத்தின் இறுதியில் நான் சொல்வது இதுவே. அத்தோடு இன்னொன்றும் சொல்வேன்: அரிப்பு வந்தால் மறைக்காதீர்கள், அறையில் உள்ள நான்காமவரிடமும் சொல்லுங்கள்.